நுரை நிற்கவில்லை என்று ஒரு புகார்

“உங்கள் டேங்க்கில் காய்ச்சிய பீரில் நுரை நிற்பதில்லை” என்று செக் நாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, கும்மிடிப்பூண்டியில் எங்கள் பட்டறையே சிரித்தது. எங்களுக்குப் பழகிய புகார்கள் வேறு. வெல்டிங் கசிகிறது என்பார்கள், மூடி சரியாக உட்காரவில்லை என்பார்கள், பெட்டியில் நசுங்கி வந்திருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புவார்கள். நுரை நிற்காததற்கு ஒரு ஸ்டீல் பட்டறை என்ன செய்ய முடியும்?

“நொர இல்லன்னா நல்லதுதானே மேடம்? கிளாஸ்ல எக்ஸ்ட்ரா ஊத்திக்கலாம்” என்றார் வெல்டர் தயாளன் அண்ணன்.

“உங்களுக்கு நல்லதுண்ணே. அவங்க ஊர்ல நொர இல்லன்னா அது பீரே இல்லையாம்.”

“அப்ப ஒரு ஸ்பூன் சோப்புத் தூள் போட்டுக்கச் சொல்லு.”

நாங்கள் செய்வது இடுப்பளவு உயரமுள்ள எவர்சில்வர் டேங்க். அடிப்பக்கம் கூம்பு, கூம்பின் முனையில் ஒரு குழாய், மேலே இறுக்கி மூடும் மூடி. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் காய்ச்சியதை இதில் ஊற்றிப் புளிக்கவைப்பார்கள். அங்கே சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இங்கே காய்ச்சினால் போலீஸ் வரும். ஆகவே இந்த டேங்க்கைச் செய்கிற எங்களில் ஒருவர்கூட அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்த்ததில்லை.

எனக்கு அங்கே தரப் பரிசோதனை வேலை. ஒவ்வொரு டேங்க்கையும் விளக்கு வைத்துப் பார்த்து, தையலை விரலால் தடவி, கையெழுத்துப் போட்டு பேக்கிங்குக்கு அனுப்ப வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்தேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும். என் அம்மா ரூத் அதே பட்டறையில் பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. காலையில் கவரைப்பேட்டையில் ஒரே ரயிலில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் ஒரே ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, பட்டறை வந்ததும் வேறு வேறு கேட் வழியாக உள்ளே போவோம்.

சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. சரியாகக் கழுவிப் பாருங்கள் என்று நாங்கள் இரண்டு தடவை பதில் எழுதியதும், அடுத்த பெரிய ஆர்டரை அவர்கள் நிறுத்திவைத்தார்கள். மேலாளர் பாஸ்கரன் என்னைக் கூப்பிட்டார். கல்லூரியில் எல்லோரும் எடுக்கிறார்களே என்று எடுத்துவைத்த பாஸ்போர்ட் பட்டறையில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

“வெல்டிங்ல கோளாறு இல்லன்னு நேர்ல காட்டிடு கிரேஸ். அவங்க சரியா கழுவலன்னு எழுதி வாங்கிட்டு வந்துடு. இந்த ஆர்டர் போச்சுன்னா ரெண்டாவது ஷெட்டை மூடணும். பாத்துக்கோ.”

இரண்டாவது ஷெட்டில்தான் பேக்கிங் நடக்கிறது. அதை அவர் தெரிந்தே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

அம்மாவின் கவலை வேறு. “குடிகாரனுங்க ஊருக்கா போற?”

“குடிக்கிறவங்க இல்லம்மா, காய்ச்சறவங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான். நீ வாயில வெக்காம வந்தா போதும்” என்று பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, தலைக்கு ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் பெட்டியில் திணித்தாள்.

*

மொராவியா என்பது செக் நாட்டின் கிழக்குப் பகுதி. நான் போக வேண்டிய ஊர் அங்கே ஒரு மலையடிவாரத்தில் இருந்தது. கடைசி ரயிலில் ஏறி உட்கார்ந்ததும், இனி தப்பு நடக்க வழியில்லை என்று நினைத்தேன். சென்னை லோக்கலில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு ஒரு பாசஞ்சர் ரயில் எம்மாத்திரம்?

ஒரு ஜங்ஷனில் ரயில் நின்றது. பக்கத்தில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நான் சிரித்தேன். அவர் இன்னும் அழுத்தமாக, முன்னால் கையைக் காட்டிச் சொன்னார். நான் இன்னும் மரியாதையாகச் சிரித்தேன். ரயில் கிளம்பியது. டிக்கெட் பரிசோதகர் வந்து என் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஜங்ஷனில் ரயிலை இரண்டாகக் கழற்றிவிடுவார்களாம். முன்பெட்டிகள் நான் போக வேண்டிய ஊருக்குப் போய்விட்டன. பின்பெட்டியில் உட்கார்ந்திருந்த நான் வேறு பள்ளத்தாக்குக்குள் போய்க்கொண்டிருந்தேன்.

“இதைத்தான் இந்த அம்மாள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்” என்றார் பரிசோதகர் ஆங்கிலத்தில்.

“நான் சொன்னேன். அவள் நல்ல பிள்ளையாகச் சிரித்தாள்” என்று அந்த அம்மாள் சொன்னதை அவரே மொழிபெயர்த்தார். பெட்டியில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எங்கள் வழித்தடத்திலும் பன்னிரண்டு பெட்டி வர வேண்டிய இடத்தில் ஒன்பது வரும், பிளாட்பாரத்தில் ஓட வைப்பார்கள். ஆனால் ஏறிய ரயில் பாதி வழியில் பாகம் பிரித்துக்கொண்டு போனதில்லை.

அடுத்த நிலையத்தில் இறங்கி, எங்கள் டேங்குகளை வாங்கி விற்கும் கடைக்காரர் பாவெலுக்குப் போன் செய்தேன். “அங்கேயே நில்லுங்கள். என் மனைவி அந்த வழியாகத்தான் வருவாள்” என்றார். கார் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது ஊர் பஸ். ஓட்டுநர் இருக்கையிலிருந்து நீலச் சட்டை போட்ட, என்னைவிடச் சில வயது மூத்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான்.

“கிரேஸ்? பீர், நுரை இல்லை? ஏறு.”

அதுதான் ஹானா. புகார் எழுதியது பாவெல் என்றாலும் புகார் இவளுடையது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவள் இவள். ஊர்த் தீயணைப்புக் கொட்டகையில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் தங்கள் பீரைக் கொண்டுவந்து வைப்பார்களாம், ருசி பார்த்து இடம் கொடுப்பார்களாம். எங்கள் டேங்க்கில் காய்ச்சிய பீரைக் கொண்டுபோய்க் கடைசி இடம் வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் கிளாஸைத் தூக்கிப் பார்த்து, “பஸ் கழுவின தண்ணியா, ஹானா?” என்று கேட்டிருக்கிறார். இதையெல்லாம் அன்று இரவுச் சாப்பாட்டில் பாவெல் சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. ஹானாவுக்கு வரவில்லை.

*

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற வழக்கம் அவர்களுக்கும் உண்டு. கழற்றியதும் வீட்டுக்குள் போட வேறு ஒரு ஜோடி கொடுக்கிறார்கள். பூண்டு சூப் வந்தது. பிறகு மாவை நீளமாக உருட்டி ஆவியில் வேகவைத்த ஒரு பண்டம். அதை ஹானா கத்தியால் தொடாமல், தையல் நூலைச் சுற்றி இழுத்துத் துண்டு போட்டாள். பிரியாணிக் கடையில் அவித்த முட்டையை நூலால் அறுப்பார்களே, அதே கை. நான் அதைச் சொன்னதும் ஹானா நூலை என்னிடம் கொடுத்து அறுக்கச் சொன்னாள். என் துண்டுகள் கோணலாக வந்தன.

அந்தப் பக்கத்தில் ஒரு பாலாடைக்கட்டி பிரபலம். டப்பாவைத் திறந்ததும் பாவெல் ஜன்னலையும் திறந்தார். “வெளியூர்க்காரர்கள் இதைக் கண்டால் ஓடிவிடுவார்கள்” என்றார். நான் பழவேற்காட்டுக் கருவாடு தின்று வளர்ந்தவள். இரண்டு துண்டு சாப்பிட்டு, கொண்டுபோயிருந்த தொக்கைத் தொட்டுக்கொண்டு மூன்றாவதும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஹானாவின் முகம் கொஞ்சம் இளகியது.

பீர் ஊற்ற வந்தாள். வேண்டாம் என்றேன். எங்கள் தொழிற்பேட்டையில் ஷிப்ட் விடும் நேரம் மதுக்கடைப் பக்கம் நடந்து வரும் பெண்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்போம். அந்த நடையோடு வளர்ந்தவளுக்குக் கிளாஸை எடுக்கக் கை வரவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “எங்கள் வீட்டில் பழக்கமில்லை” என்று மட்டும் சொன்னேன். ஹானா ஏன் என்று கேட்கவில்லை. தேநீர் வைத்தாள்.

காலையில் எழுந்து தலை வாரப் போனால் எண்ணெய் பாட்டில் மெழுகுவர்த்திபோல வெள்ளையாக உறைந்து கிடந்தது. எங்கள் ஊரில் மார்கழியில் ஒன்றிரண்டு நாள் இப்படி ஆகும். வெயிலில் வைத்தால் போதும். இங்கே வெயிலே விருந்தாளி. அறையைச் சூடாக்கும் இரும்புப் பட்டையின் மேல் பாட்டிலை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

வேலை வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறையில். எங்கள் டேங்க் அங்கே பளபளவென்று நின்றது. கடல் தாண்டி வந்து, முன்பின் தெரியாத ஒரு வீட்டின் அடியில் நம் பட்டறைப் பொருள் நிற்பதைப் பார்க்க மனசு என்னவோ செய்தது. டார்ச் அடித்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். தயாளன் அண்ணன் வேலை எனக்குத் தெரியும். மீன் செதில் அடுக்கினாற்போல ஒழுங்கு. துரு இல்லை, துளை இல்லை, கீறல் இல்லை.

“வெல்டிங் சரியாக இருக்கிறது” என்றேன்.

ஹானா இரண்டு கிளாஸ் எடுத்தாள். ஒன்றில், பழைய பிளாஸ்டிக் வாளியில் அவள் காய்ச்சியதை ஊற்றினாள். நுரை மேலே எழும்பி, தயிர் ஆடைபோல உட்கார்ந்துகொண்டது. இரண்டாவதில், எங்கள் டேங்க்கிலிருந்து பாட்டிலில் பிடித்ததை ஊற்றினாள். நுரை எழும்பியது. பிறகு உஸ்ஸென்று நடுவில் ஓட்டை விழுந்து, நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. நுரை தளும்பாத காபியை எங்கள் ஊரில் ஒருவரும் கையில் வாங்க மாட்டார்கள். அவளுடைய கோபம் எனக்கு அப்போது புரிந்தது.

“நாளைக்கு லீவு போட்டிருக்கிறாள்” என்றார் பாவெல். “உங்கள் கண் முன்னால் டேங்க்கைக் கழுவி, உங்கள் கண் முன்னால் காய்ச்சப் போகிறாளாம். கழுவத் தெரியாதவள் என்று யாரும் சொல்லக் கூடாதாம்.”

*

முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, கைபொறுக்காத சூட்டில் இருக்கும் தண்ணீரில் போட்டாள். கொதிக்கவிடக் கூடாது. அந்தச் சூட்டிலேயே ஒரு மணி நேரம் ஊற வேண்டும். மூடியைத் திறந்தபோது முளைகட்டிய கேழ்வரகைக் கஞ்சி காய்ச்சும் மணம் வந்தது. நான் எதிர்பார்த்தது மதுக்கடை வாசல் நாற்றத்தை. ஊறிய தண்ணீரை வடித்து ஒரு டம்ளரில் எனக்குக் கொடுத்தாள்.

“இது இன்னும் பீர் இல்லை. குழந்தைகளும் குடிக்கலாம்.”

குடித்தேன். வெல்லம் குறைத்துப் போட்ட கஞ்சித் தெளிவு. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வடித்ததை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்து, கசப்புக்காக ஒரு பச்சைப் பூவை அள்ளிப் போட்டாள். அது ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். பிறகு ஆறவைத்து நேரே எங்கள் டேங்க்குக்குள் ஊற்றி ஈஸ்ட் தூவ வேண்டும். அந்த இடைவெளியில் டேங்க்கைக் கழுவினாள். கொதிநீரை ஊற்றிச் சுழற்றி, குழாயைத் திறந்து விட்டு, மறுபடியும் ஊற்றினாள். என் அம்மா பால் பாத்திரம் கழுவுவதைவிடச் சுத்தமாகக் கழுவினாள். பாஸ்கரன் சார் எழுதி வாங்கி வரச் சொன்னதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

தொடாத இடம் ஒன்றுதான் பாக்கி. “குழாயைக் கழற்றிப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். புதுக் குழாய், சுலபமாகத் திரும்புகிறது, எதற்கு என்றார் பாவெல். சுலபமாகத் திரும்புவதுதான் எனக்கு உறுத்தியது. எங்கள் பட்டறையில் அந்தக் குழாய் புதிதில் முரண்டு பிடிக்கும்.

அந்தக் குழாய்க்குள் நடுவில் துளை போட்ட ஸ்டீல் உருண்டை ஒன்று இருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் அது திரும்பி வழி விடும். உருண்டைக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்தச் சந்து சரியாகக் கழுவப்படாது. ஆனால் திருப்பும்போதெல்லாம் அதில் உள்ளது கொஞ்சம் கொஞ்சமாக வழியில் சேரும். முன்பு டேங்க்கில் இருந்த குழாயை ஹானா நேற்றே கழற்றி, இந்தப் புதுக் குழாயை மாட்டியிருந்தாள். பழையது நிலவறையில் சில்லென்று கிடந்தது. அதுவும் எங்களுடையதே. முதலில் அதை ஸ்பேனர் போட்டுப் பிரித்தேன்.

சந்து முழுக்க வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது.

“சுண்ணாம்பு” என்றார் பாவெல். “எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம்.”

நகத்தால் சுரண்டிக் கட்டைவிரலில் வைத்தேன். விரல் சூட்டில் அது கண்ணாடிபோல உருகியது. மூக்குக்குக் கொண்டுபோவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. என் தலையில் இருந்த அதே வாசனை. கும்மிடிப்பூண்டியில் அது எப்போதும் தண்ணீர்போல இருப்பதால் யார் கண்ணிலும் படாது. இங்கே உறைந்து, தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது. எண்ணெய்ப் பசை பட்டால் பீரில் நுரை நிற்காது என்பது அவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அவர்களுக்குத் தெரியாதது, அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது.

“ஒரு போன் செய்துவிட்டு வருகிறேன்” என்று தோட்டத்துக்குப் போனேன். உள்ளே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

*

கும்மிடிப்பூண்டியில் அப்போது மாலைத் தேநீர் நேரம். அம்மா உடனே எடுத்தாள்.

“இன்னாடி, துன்னியா? அங்க குளிராமே?”

“அம்மா, பேக்கிங்ல டேங்க்குக்கு எண்ணெ தடவுறீங்களா?”

“ஆமா. ஏன்?”

“குழாய்க்குள்ளயுமா?”

“பின்ன? டைட்டா கீதுல்ல, ரெண்டு சொட்டு உட்டாதான் திரும்பும். உள்ளயும் ஒரு துணில தொட்டு வழிச்சி வுடுவோம். பக்கத்துக் கம்பெனி இரும்புத் தூளு பறந்து வந்து ஒக்காந்து, பொட்டி போடறதுக்குள்ள செவப்புப் புள்ளி வந்துடுது. புள்ளி வந்தா எங்களத்தான் கத்துறாங்கோ. எண்ணெ போட்டதுல இருந்து ஒரு புள்ளி இல்ல தெரியுமா? வெளிநாடு போற சரக்கு, கப்பல்ல உப்புக் காத்து படுமேன்னு அதுக்கு இன்னும் கொஞ்சம் நல்லாவே போட்டோம். ஊட்டு எண்ணெதான், நல்ல எண்ணெ.”

அவள் குரலில் அவ்வளவு பெருமை. நான் டேங்க்கைப் பார்ப்பது பேக்கிங்குக்கு முன்னால். எண்ணெய் போவது அதற்குப் பின்னால். எனக்கு இது தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

“சரிம்மா” என்று வைத்துவிட்டு பாஸ்கரன் சாரைக் கூப்பிட்டேன். முழுதும் கேட்டார்.

“நல்லதாப் போச்சு. கழுவலன்னெல்லாம் எழுத வேணாம். பேக்கிங் லேபர் அனுமதி இல்லாம எண்ணெ தடவிட்டாங்க, அந்த ஆளுங்கள மாத்திட்டோம்னு எழுதிடு. ஆர்டர் திரும்ப வந்துடும்.”

“சார், அவங்க தடவுனது துருப் புள்ளிக்காக. அமிலத் தொட்டியில கழுவுற வேலைய நாம நிறுத்துனதாலதான் புள்ளி வருது.”

எலுமிச்சையில் இருக்கிற அமிலம்தான். அதில் டேங்க்கை ஊறவைத்து அலசினால் ஒட்டிய இரும்புத் தூள் கரைந்து போய்விடும், புள்ளி வராது. ஆர்டர் கூடியதும் நேரம் பிடிக்கிறது என்று அந்த வேலையை எடுத்துவிட்டார். ஏன் எடுத்தீர்கள் என்று அப்போதே கேட்டிருந்தேன். உன் வேலையைப் பார் என்றார்.

“அதெல்லாம் உனக்கு வேணாம் கிரேஸ். எண்ணெ தடவுனாங்களா இல்லியா? அத மட்டும் எழுது.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்கம்மா அங்கதான் இருக்காங்கன்னு தெரியும். வேணும்னா கஸ்டமர் சரியா கழுவலன்னே எழுதிக்கோ. உன் இஷ்டம்.”

தோட்டத்தில் ஒரு ஆப்பிள் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே விழுந்தவற்றை எடுக்க ஆளில்லை. மூன்று வழி இருந்தது. ஹானாவின் மேல் போடலாம். அவளுக்குக் கடைசி இடம் நிரந்தரமாகும், இன்றைய பீரும் பாழாகும். அம்மா மேல் போடலாம். அவளும் அவளோடு இருக்கும் நாலு பெண்களும் வெளியே போவார்கள். எண்ணெய் என்றும் எழுதி, எண்ணெய் ஏன் என்றும் எழுதலாம். அப்படி எழுதினால் என் வேலை என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்துக்கு வேலைக்குப் போன முதல் ஆளும் நான்தான்.

உள்ளே ஹானா கூப்பிட்டாள். கொதித்தது போதும், ஆறவைக்க வேண்டும்.

*

“டேங்க்கில் ஊற்றாதீர்கள்” என்றேன்.

பிரித்த குழாயை மேசைமேல் வைத்து, “இது சுண்ணாம்பு இல்லை, தேங்காய் எண்ணெய். எங்கள் பட்டறையில் போட்டது” என்றேன். பாவெல் மொழிபெயர்த்தார். ஹானா அந்த வெள்ளையை விரல் நுனியில் தொட்டு, பிளாஸ்டிக் வாளி பீரை ஒரு கிளாஸில் ஊற்றி, நுரையின் நடுவில் விரலை வைத்தாள். விரல் பட்ட இடம் பள்ளமாகி, பள்ளம் அகலமாகி, நுரை செத்தது.

அவள் வேகமாகப் பேசினாள். பாவெல் தயங்கித் தயங்கிச் சொன்னார். “நாங்கள் கழுவுவதுதான் தப்பு என்று இரண்டு தடவை எழுதினீர்களே என்கிறாள். அதை நானும் நம்பினேன், அவளிடம் சண்டை போட்டேன். யார் இதைப் போட்டது என்று கேட்கிறாள்.”

“என் அம்மா.”

அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. ஹானா என்னைப் பார்த்தாள்.

“ஏன்?”

இரும்புத் தூளையும் சிவப்புப் புள்ளியையும் உப்புக் காற்றையும் சொன்னேன். நிறுத்திவிட்ட அமிலத் தொட்டியைச் சொன்னேன். நீளமாகத்தான் சொன்னேன். ஹானா கடைசிவரை கேட்டுவிட்டு ஒரு வாக்கியம் சொன்னாள். பாவெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கவனிக்காமல் விட்டிருந்தால்கூட என் பீர் பிழைத்திருக்கும், உன் அம்மா கவனித்துத்தான் கொன்றுவிட்டாள் என்கிறாள்.”

அதற்குப் பிறகு பேச நேரமில்லை. சலவை சோடாவைக் கொதிநீரில் கரைத்து, குழாய்களை உருண்டை வேறு கூடு வேறாகப் பிரித்துப் போட்டோம். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றினோம். ஹானா டேங்க்குக்குள் தலையை விட்டுத் தேய்த்தாள். நான் குழாய் திருகும் மரைகளை பிரஷ் வைத்துத் தேய்த்தேன். கொதித்து ஆறிய பார்லித் தெளிவை ஊற்றி ஈஸ்ட்டைத் தூவி மூடினோம். பலன் தெரியப் பல வாரம் ஆகும். அதற்குள் நான் ஊர் போய்விடுவேன்.

அந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்தே அறிக்கையை எழுதினேன். இரண்டையும் எழுதினேன். எண்ணெய் போட்டது பேக்கிங் பிரிவு. போட வைத்தது நிறுத்தப்பட்ட கழுவல். முதலாளிக்கும் பாஸ்கரன் சாருக்கும் பாவெலுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன்.

“உன் அம்மா வேலை?” என்று ஹானா தன் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“தெரியாது.”

“உன் வேலை?”

“அதுவும்.”

அவள் ஒரு தட்டில் நாலு துண்டு பாலாடைக்கட்டியை வைத்து என் பக்கம் தள்ளினாள். ஜன்னலைத் திறக்கவில்லை.

*

நான் ஊர் திரும்புவதற்குள் அறிக்கை பட்டறை முழுக்கப் பேசப்பட்டுவிட்டது. அம்மா எனக்குச் சோறு போட்டாள், எதிரில் உட்காரவில்லை. கடைசியில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பொண்ணு கேக்குதேன்னு ஒங்கிட்ட ஒரு வார்த்த சொன்னேன். நீ அத்த ஊரெல்லாம் எழுதிட்டு வந்துகீற.”

அவள் சொன்னது சரி. மகள் என்று நினைத்துப் பேசினாள், கேட்டது பரிசோதனைக்காரி. காரணத்தையும் சேர்த்துத்தானே எழுதினேன் என்று சொல்லிப் பார்த்தேன். “காரணத்த எவன் படிப்பான்?” என்றாள்.

மறுநாள் ரயிலில் அவள் மகளிர் பெட்டியின் அந்தக் கோடியில் நின்றாள், நான் இந்தக் கோடியில். ஷேர் ஆட்டோவிலும் நடுவில் யாரையோ உட்காரவைத்துக்கொண்டாள்.

சென்னையிலிருந்து முதலாளி வந்தார். இரண்டாவது ஷெட்டில் ஐந்து பெண்களும் வரிசையாக நின்றார்கள். பாஸ்கரன் சார் முதலாளிக்குப் பக்கத்தில் நின்றார். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் பெட்டிகளுக்கு அருகில் நின்றேன்.

“எண்ணெ போடச் சொன்னது யாரு?”

நாலு பேர் தரையைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

“யாரும் சொல்லல சார், நான்தான் ஆரம்பிச்சேன். புள்ளி வந்தா எங்களத்தான கேக்குறீங்கோ? புள்ளி வராம இருக்க வேற வழி கீதுன்னா சொல்லுங்க, அத்த செய்யறோம். எண்ணெ தப்புன்னு சொல்லுங்க, உட்டுடறோம். ஆனா ரெண்டுல ஒண்ணு சொல்லணும்ல? ஒண்ணுமே சொல்லாம புள்ளி மட்டும் வரக் கூடாதுன்னா எப்டி சார்?”

முதலாளி பாஸ்கரன் சார் பக்கம் திரும்பி, “கழுவுறத ஏன் நிறுத்துனீங்க?” என்றார்.

“டெலிவரி டைம் சார்...”

“எனக்கு ஏன் சொல்லல?”

பாஸ்கரன் சார் தகரக் கூரையைப் பார்த்தார். முதலாளி கத்தவில்லை. அறிக்கையின் இரண்டாவது பத்தியை மறுபடி படித்தார். யாரையும் மாற்ற வேண்டாம், தொட்டியைத் திரும்பப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஷெட்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அமிலத் தொட்டியை நாலு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். அன்றிலிருந்து பாஸ்கரன் சார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மேடம்’ என்கிறார். தயாளன் அண்ணன் சொல்கிற மேடம் வேறு, இது வேறு.

சில வாரம் கழித்து ஹானாவிடமிருந்து படம் வந்தது. கிளாஸ் நிறைய பீர், மேலே இரண்டு விரல் கனத்துக்கு நுரை, நுரையில் ஒரு தீக்குச்சி கொடிமரம்போல நின்றது. ‘உன் அம்மாவுக்குக் காட்டு’ என்று எழுதியிருந்தாள். ஷேர் ஆட்டோவில் நடுவில் இருந்தவரைத் தாண்டிப் போனை நீட்டினேன். அம்மா வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“பால் மாறி கீது” என்று திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான். ஆனால் போனைக் கொடுத்தது என் கையில்.

நிறுத்திவைத்த ஆர்டர் வந்தது. இப்போது பேக்கிங் முடிந்த பிறகும் ஒரு பரிசோதனை உண்டு. அதை முதலாளியிடம் கேட்டு வாங்கியவள் நான். வெள்ளைத் துணியைக் குச்சியில் சுற்றிக் குழாய்க்குள் விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். முதல் டேங்க்கைக் கழுவித் துடைத்தது அம்மா. கையில் ரப்பர் உறை, அது அவளுக்குப் பிடிக்கவில்லை, கை வேகுதாம். நான் துணியை விட்டு இழுத்தேன். விளக்கில் பார்த்தேன்.

“கண்ணுல பாத்தா இன்னா தெரியும்? மோந்து பாரு” என்றாள் அம்மா.

மற்ற நாலு பெண்களும் கை வேலையை நிறுத்திவிட்டார்கள்.

மோந்தேன்.

“இன்னா வருது?”

“ஒண்ணும் வரல.”

“நல்லா மோந்து பாரு. அப்புறம் எங்கனா போய்க்கினு எழுதப் போற.”

மறுபடியும் மோந்தேன். “ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லன்னு கையெழுத்து போடு” என்று சொல்லிவிட்டு, உறையை இழுத்து மாட்டிக்கொண்டு அடுத்த டேங்க்குக்குப் போனாள்.

போட்டேன்.